சட்டைப் பையில் ஒரு வளையம்

மைக்ரான் அண்ணனின் சட்டைகள் எல்லாமே இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். துவைத்துக் கொடியில் போட்டால்கூட அந்தப் பக்கம் மட்டும் சோர்ந்து தொங்கும். பைக்குள் இருபத்தொரு வருஷமாகக் குடியிருந்த ஓர் எஃகு வளையம்தான் காரணம். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கனம். பை கிழிந்துகொண்டே இருந்ததால், புதுச் சட்டை வாங்கியதும் அவர் மனைவி முதல் வேலையாகப் பைக்கு உள்ளே இன்னொரு துணி வைத்து இரட்டையாகத் தைத்துவிடுவாள்.

"ஊர்ல எல்லாரும் சின்ன வீட்டை ஒளிச்சு வெப்பாங்க. இவர் நெஞ்சுமேலயே வெச்சுக்கிட்டு ஊர்வலம் போறார்" என்பாள்.

அவர் அளவுச் சோதனைக்குப் பொறுப்பாக வேலை பார்த்த தொழிற்சாலையில் வீடுகளுக்கான சிறிய தண்ணீர் மோட்டார் செய்தார்கள். மோட்டாரின் இரும்பு உடம்பை அங்கே எல்லோரும் பாடி என்பார்கள். பாடியில் ஒரு துளை கடைந்து, அதில் மோட்டாரின் தண்டைத் தாங்கும் பேரிங்கை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். துளை சின்னதானால் பேரிங் நெரிபடும். பெரிதானால் பேரிங் உள்ளே வழுக்கிச் சுற்றும், மோட்டார் கத்தும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து மொத்தம் பதினாறு மைக்ரான்தான் இடம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியை எழுபது இழையாகப் பிளக்க முடிந்தால் அதில் ஓர் இழை.

துளையை அளப்பதற்கு, ஒரு கோடு ஒரு மைக்ரான் என்று முள் காட்டும் ஒரு கருவி உண்டு. எது பூஜ்யம் என்று அதற்குத் தானாகத் தெரியாது. வளையம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலையில் கருவியை வளையத்துக்குள் விட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்கள். அன்று கடையப்படும் ஒவ்வொரு துளையும் அந்தப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுத்தான் தேறும், அல்லது தோற்கும். வளையம் பொய் சொன்னால் அன்றைய வேலை முழுக்கப் பொய்.

ஒருகாலத்தில் வளையம் மேஜைமேல்தான் கிடந்தது. யாரோ அதைக் காகிதம் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்தார்கள். வேறு யாரோ கீழே போட்டார்கள். விளிம்பில் விழுந்த நசுங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துப் பாடிகள் மொத்தமும் பழைய இரும்புக்குப் போயின. அன்றிலிருந்து புது வளையம் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் கையாலேயே பூஜ்யம் வைப்பார். பகல் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது மட்டும் பூட்டுள்ள மரப்பெட்டியில் வைத்து, மதிய ஷிஃப்ட் ஃபோர்மேனிடம் சாவியைக் கொடுப்பார். அவர் இரண்டு மணிக்கு அதை எடுத்துத் தன் ஷிஃப்ட்டுக்குப் பூஜ்யம் வைத்துக்கொண்டு திருப்பித் தருவார். வாங்கும்போது அண்ணன் அதை ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அவர் படித்து வந்தவர் இல்லை. பதினேழு வயதில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளச் சேர்ந்தார். பேரிங் விற்பவர்கள் கொடுக்கும் விலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அளவு அட்டவணைகள் இருக்கும். அதுதான் அவருக்குப் பாடப்புத்தகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை ஒரு பக்கமும் அட்டவணையை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருமுறை யாரோ "ஒரு முடி அளவுதான் கூட இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். "எந்த முடி? தலைமுடியா, மீசையா? ரெண்டும் ஒண்ணில்ல" என்று இவர் கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் மைக்ரான். வீட்டில்கூடச் சில சமயம் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் அவர் வழி ஒன்றுதான். நோட்டில் கோடு போட்டு, மாறியது என்ன, மாறாதது என்ன என்று இரண்டு பத்தியாக எழுதுவார். சந்தேகப்படும் சாமான்களில் ஒன்றை மட்டும் மாற்றுவார், மற்றதைத் தொடமாட்டார். கிடைத்ததை எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அவர் மேஜைக்கு மேலே சுவரில், அவரே பிரஷ்ஷால் எழுதிய அட்டை ஒன்று இருந்தது: 'ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று. ஊகத்தை நம்பாதே.' நாற்பத்து மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன. நாற்பத்திரண்டைப் பற்றி அவருக்கு வெட்கமே கிடையாது.

நாற்பத்து மூன்றாவது நோட்டு, ஒரு வருஷத்துக் குளிர்காலத்தில் தொடங்கியது.

முன்பெல்லாம் கடைந்து முடித்த மோட்டார்களை ஐந்து நிமிஷம்தான் ஓட்டிப் பார்ப்பார்கள்; அந்த வருஷம் அதை நான்கு மணி நேரமாக்கியிருந்தார்கள். அந்தக் குளிரில், காலை ஷிஃப்ட்டில் கடைந்தவற்றில் நூற்றுக்குப் பதினொன்று கத்தின. மதிய ஷிஃப்ட்டில் கடைந்தவற்றில் நூற்றுக்கு இரண்டு. மேனேஜர் இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்; இவர்மேல் பெரிய மரியாதை. "மைக்ரான், இதை நீங்க பாருங்க. வேற யார் பாத்தாலும் எனக்குத் திருப்தி வராது" என்றார்.

இவர் பார்த்தார். மூன்று வாரம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மெஷின் ஒன்று. கடையும் முனை ஒன்று. இரும்பு ஒரே வார்ப்பு. பேரிங் ஒரே பெட்டி. காலைக்கும் மதியத்துக்கும் மாறுவது ஆள் மட்டும்தான். துளை கடைவதற்கு அங்கே போரிங் என்று பேர்; காலையில் நின்றவளைத் தொழிற்சாலை முழுக்க போரிங் அக்கா என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்த மெஷினில் நின்றவள். மெஷின் தும்முவதற்கு முன்பே தெரிந்துகொள்வாள் என்று சொல்வார்கள். மதியத்தில் நின்றவருக்கு நிதானம் என்று பெயர். அவர் ஒரு திருகைத் திருகுவதற்குள் டீ ஆறிவிடும்.

ஒருநாள் பத்து மணிவாக்கில் மைக்ரான் அண்ணன் பூஜ்யத்தைச் சரிபார்க்க எடுத்த வளையத்தை அவள் மேஜையில் மறந்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார். அரைமணி கழித்து வந்தபோது அவள் கருவியை வளையத்துக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"அண்ணே, இங்க வந்து பாருங்களேன். காலைல நீங்க பூஜ்யத்துல வெச்சீங்க இல்ல? இப்போ அதே வளையத்துல முள்ளு எட்டுக் கோடு தள்ளி நிக்குது."

தன்னைக் கேட்காமல் வளையத்தைத் தொட்டதே முதலில் அவருக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். போய், அரைமணிக்குமேல் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு வளையத்தை எடுத்தார். அதே கருவியை அதே வளையத்துக்குள் விட்டார். முள் ஆடி அசைந்து, பூஜ்யத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது.

"எல்லாரும் பாருங்கப்பா" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் அவள் பக்கம் திரும்பி, "முள்ளு தள்ளி நிக்கலம்மா. உன் கண்ணுதான் தள்ளி நிக்குது" என்றார்.

ஏழெட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ஓவர்டைமுக்காக அன்று காலையிலேயே வந்திருந்த நிதானம்கூடச் சிரித்தார், அவருக்குச் சிரிப்பு புரிய நேரமாகும், அன்றைக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் மறுபடி கருவிக்குள் எட்டிப் பார்த்தாள். பூஜ்யம்தான்.

அவர் அறிக்கை எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் அவருக்கு. கோளாறின் காரணம் என்ற இடத்தில், 'இயக்குபவரின் பார்வைப் பிழை' என்று எழுதினார். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நிதானம் காலைக்கு வந்தார். அடுத்த பத்து நாளில் கத்தும் மோட்டார்கள் பதினொன்றிலிருந்து ஒன்பது, ஆறு, நான்கு, இரண்டு என்று இறங்கின. அவர் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார். கோடு உயரத்தில் ஓடி, ஓரிடத்தில் சரிந்து கீழே போயிற்று. சரியும் இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'ஆள் மாற்றம்' என்று சிவப்பு மையில் எழுதினார். மேனேஜர் அதைச் சட்டம் போட்டு, வருகைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். எல்லோரும் காலையும் மாலையும் அட்டை குத்தும் இடம் அது. அவளும்தான்.

அந்தப் பத்து நாளில் குளிர் போய்விட்டது என்பதை அவர் எழுதவில்லை. நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை.

பேக்கிங்குக்குப் போன பிறகு யாரும் அவளைப் போரிங் அக்கா என்று கூப்பிடவில்லை. கண்ணாடி அக்கா என்றார்கள். அவள் கண்ணாடி போடுவதில்லை, அதுதான் வேடிக்கையாம். மைக்ரான் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். ஆனால் பிறர் சொல்லும்போது உதட்டோரம் லேசாக வளையும். தன் வார்த்தை ஊரெல்லாம் ஓடுவதில் ஒரு ருசி இருக்கத்தானே செய்யும்.

அடுத்த குளிர்காலம் வந்தது. காலை மோட்டார்கள் மறுபடி கத்தின. நூற்றுக்குப் பன்னிரண்டு.

முதலில் நிதானத்தைப் பார்த்தார்கள். நிதானம் வாய்ச்சாலகர் இல்லை. ஆனால் அன்று, "அப்போ இப்போ என் கண்ணும் தள்ளிப்போச்சாண்ணே?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மைக்ரான் அண்ணன் நோட்டைத் திறந்தார். முனையை மாற்றினார், கத்தியது. இரும்பு வார்ப்பை மாற்றினார், கத்தியது. பேரிங் பெட்டியை மாற்றினார், கத்தியது. மிஞ்சியது ஆள். மூன்றாவது ஆளைத் தேடாமல், இரண்டு நாள் காலையில் தானே மெஷினில் நின்றார். தொழிற்சாலையிலேயே நம்பிக்கையான கை அவருடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. முதல் நாள் அவர் கையால் கடைந்த நூறில் பதின்மூன்று கத்தின. ஓட்டிப் பார்க்கும் பகுதியில் அந்தப் பதின்மூன்றும் ஒன்றுசேர்ந்து எழுப்பிய ஓசையை அவர் கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.

இரண்டாவது நாள்தான் அது நடந்தது. மெஷினில் நிற்பவர்கள் கழுத்துவரை மூடிய தோல் ஏப்ரன் கட்டிக்கொள்ள வேண்டும். ஏப்ரனுக்குள் கைவிட்டுப் பையை எட்ட முடியாததால், காலையில் பூஜ்யம் வைத்த கையோடு வளையத்தை மேஜைமேலேயே விட்டிருந்தார். பத்து மணிக்கு, கை சும்மா இருக்கிறதே என்று கருவியை எடுத்து வளையத்துக்குள் விட்டார்.

முள் எட்டுக் கோடு தள்ளி நின்றது.

அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அளவு இல்லை, ஒரு குரல். அண்ணே, இங்க வந்து பாருங்களேன்.

மெஷினை நிறுத்தினார். ஏப்ரனை அவிழ்த்தார். வளையத்தைக் கையில் எடுத்தார். குளிர்காலக் காலையின் இரும்பு, விரல் விறைத்தது. ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில், அது எப்போதும் இருக்கும் இடத்தில் போட்டுக்கொண்டார். அரைமணி உட்கார்ந்திருந்தார். எடுத்து மறுபடி அளந்தார். பூஜ்யம்.

இரும்பு சூட்டில் பெரிதாகும் என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? தண்டில் பேரிங் ஏற்றுவதற்கு முன்னால் அதை எண்ணெயில் சூடாக்கி விரியவைப்பது அவர் தினசரி வேலை. எத்தனை டிகிரிக்கு எத்தனை மைக்ரான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எண்ணெய்ச் சட்டி அடுப்பு என்று தெரியும். தன் நெஞ்சும் ஓர் அடுப்பு என்று மட்டும் இருபத்தொரு வருஷமாகத் தோன்றவில்லை. அவர் உடம்புச் சூட்டில் விரிந்த வளையம், விறைத்துக் கிடந்த கருவிக்கு எட்டு மைக்ரான் பெரிய பூஜ்யத்தைச் சொல்லிக்கொடுத்தது. காலை முழுக்க எல்லாத் துளையும் அந்தப் பொய்க்குப் பணிந்து பெரிதாயின. மதியத்தில் வளையம் ஒரு மணி நேரம் பெட்டிக்குள் கிடந்து ஆறிவிடும். அதனால் மதியத் துளைகள் சரி. வெயில் காலத்தில் பட்டறையே அவர் உடம்பளவு சூடு. அதனால் காலைத் துளைகளும் சரி. போன வருஷம் அவள் பார்த்தது சரி. அவர் பார்த்ததும் சரிதான். ஆனால் பார்ப்பதற்கு முன் அரைமணி நேரம் வளையத்தைச் சூடேற்றிவிட்டுப் பார்த்தார்.

இதற்குமேல் சோதனை வேண்டியதில்லை. ஆனாலும் அவர் செய்தார். அவர் அப்படிப்பட்ட ஆள். பையிலா மேஜையிலா என்பதைத் தன் மனசு தீர்மானிக்கக் கூடாதென்று, நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தார். முள்ளைப் படிக்க, எது என்று சொல்லாமல் நிதானத்தைக் கூப்பிட்டார்.

"எதுக்குண்ணே பூவா தலையா போட்டு விளையாடறீங்க?"

"நீ முள்ளை மட்டும் படி."

பத்துத் தடவை. ஆறு தடவை மேஜை, நான்கு தடவை பை. பத்தும் ஒரே கதைதான் சொல்லின. அவர் எழுதிக்கொண்டார்.

இங்கே அவர் நல்லபடியாக ஏதாவது செய்தார் என்று சொல்ல ஆசைதான். செய்யவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலமே வளையத்தை மேஜைமேல் மரப்பெட்டியில், கருவிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டினார். கத்தல் நின்றது. அறிக்கை எழுதினார்: 'அளவுக் கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்தும் முறையில் வெப்பநிலை வேறுபாடு கவனிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.' கவனித்தது யார், வேறுபாடு யாருடைய பைக்குள் இருந்தது, ஒன்றும் இல்லை. நன்றாகப் பூசி மெழுகிய வாக்கியம். போன வருஷ அறிக்கையில் ஒரு ஆள் இருந்தாள். இந்த வருஷ அறிக்கையில் ஆளே இல்லை.

மேனேஜர் படித்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். "வெப்பநிலை! யாருக்குத் தோணும்? மைக்ரான்னா மைக்ரான்தான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நாலு பேரும் கைதட்டினார்கள். அவர் தரையைப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று. வருகைக் கடிகாரத்தில் அட்டை குத்தும்போது, பக்கத்தில் மாட்டியிருந்த சட்டத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார். பேக்கிங்கைத் தாண்டித்தான் கழிப்பறை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். பதினொன்றாம் நாள் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சட்டையெல்லாம் நேரா தொங்குது? சின்ன வீட்டை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

அவர் பேசாமல் இருந்தார். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்துப் பேச்சில் அந்த நகைச்சுவைக்கு அவர் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. பிறகு அவர் சொன்னார். எல்லாவற்றையும். கண்ணைப் பற்றிச் சொன்ன வார்த்தையை மட்டும் மென்று விழுங்கப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "அவளே பஸ்ல சொன்னா. எனக்கும் சிரிப்பு வரும்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ரெண்டு தடவை கண் டாக்டர்கிட்ட போயிருக்கா. கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்களாம். இருந்தும் இப்பல்லாம் ஊசியில நூல் கோத்தா, கோத்துட்டோமா இல்லையான்னு பக்கத்துல யாரையாவது கேக்கறாளாம்."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கண்டுபிடிச்சீங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன்."

இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை டீ நேரத்தில் பேக்கிங்குக்குப் போனார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவள் ஒரு மோட்டாருக்குப் பஞ்சுறை சுற்றிக்கொண்டிருந்தாள். ஓர் ஓரமும் மிஞ்சாமல், ஓர் ஓரமும் குறையாமல் மடித்திருந்தாள். அங்கே அந்த நேர்த்தி யாருக்கும் வேண்டியதில்லை.

"என்னம்மா" என்று தொடங்கி, நின்றார். "அன்னிக்கு நீ சொன்னது சரி. எட்டுக் கோடு. வளையம் என் பைக்குள்ள சூடாயிருக்கு. தப்பு என்னோடது."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ண்ணே."

"எப்படித் தெரியும்?"

"நிதானண்ணன் சொன்னார். நீங்க பூவா தலையா போட்டதையும், நாலு தடவை ஸ்வெட்டருக்குள்ள கை விட்டதையும். அவருக்கு மெதுவாத்தான் புரியும். ஆனா புரியும்." உறையின் வாயை ஒட்டினாள். "அதுக்கு ஆச்சு பன்னெண்டு நாள். நீங்க வருவீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் கையிலிருந்த டீ டம்ளரைப் பெட்டிமேல் வைத்தார்.

"எத்தனை தடவை வெச்சுப் பாத்தீங்க, வளையத்தை?"

"பத்து."

"பத்துலயும் அப்படித்தானா?"

"பத்துலயும்."

இப்போதுதான் நிமிர்ந்தாள். "என் கண்ணு தள்ளிப்போச்சுன்னீங்களே. அதை எத்தனை தடவை வெச்சுப் பாத்தீங்க?"

அவர் மனசுக்குள் போன வருஷ நோட்டைப் புரட்டினார். மூன்று வாரம், நாற்பது பக்கம், முத்து முத்தான எழுத்து. அதில் எங்குமே இல்லை. அவள் கண்ணை அவர் அளக்கவே இல்லை. வேறு ஆளை விட்டு அதே முள்ளைப் படிக்கச் சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"ம்" என்றாள். அடுத்த மோட்டாரை இழுத்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. நான் பாத்ததை நான்தான் பாத்தேன். எங்க வெச்சுச் சொன்னீங்களோ அங்க வெச்சுச் சொல்லுங்க."

அவர் மேனேஜரிடம் போனார். மேனேஜர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். "அறிக்கைல கையெழுத்துப் போட்டது நானும்தான்" என்றார் கடைசியில். பிறகு, "சத்தமில்லாம அவங்களைத் திரும்ப மெஷினுக்கு மாத்திடலாமே. உங்க பேரும் கெடாது" என்றார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கதவு திறந்திருந்தது. அவர் அதன் வழியாகப் போயிருக்கவும்கூடும். ஆளில்லாத அந்த வாக்கியம் ஞாபகம் வந்தது: கவனிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.

"இல்ல சார். சத்தம் போட்டுத்தான் அனுப்பினேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெஷினைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அன்று சிரித்த ஏழெட்டுப் பேரையும் அவர் பெயர் சொல்லி வரவழைத்திருந்தார். பேச்செல்லாம் அவருக்கு வராது. வளையத்தை மேஜையிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்க ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அரைமணி நேரம் நிக்கணும்" என்றார். நின்றார்கள். அரைமணி நேரம் அத்தனை பேர் நடுவில் ஒன்றும் செய்யாமல் நின்றுகொண்டிருப்பது எத்தனை நீளம் என்பதை அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். ஒருவர் இருமினார். இன்னொருவர், "அண்ணன் அடைகாக்கறார்" என்று முணுமுணுத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு களுக்கென்ற சத்தம். அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்று நின்றார்.

வளையத்தை எடுத்துப் பூஜ்யம் வைத்தார். மேஜைமேல் வைத்தார். மறுபடி காத்திருந்தார்கள். பிறகு கருவியை அவளிடம் நீட்டினார்.

"படிம்மா."

அவள் கருவியை வளையத்துக்குள் விட்டாள். முள் ஆடி அடங்கும்வரை பார்த்தாள். கண்ணைச் சுருக்கவில்லை, பக்கத்தில் யாரையும் கேட்கவில்லை.

"எட்டு" என்றாள்.

நிதானம் எட்டிப் பார்த்தார். "எட்டு" என்றார். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எட்டு. எட்டு. எட்டேதான்.

"தள்ளி நின்னது இவங்க கண்ணு இல்ல" என்றார் மைக்ரான் அண்ணன். "நான்."

வருகைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றி, சட்டத்திலிருந்து தாளை உருவினார். கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்கண்ணே" என்றாள் அவள். "கோடு சரியாத்தானே போட்டிருக்கீங்க. எழுத்தைத் திருத்துங்க."

அவர் பேனாவை எடுத்தார். அம்புக்குறிக்குப் பக்கத்தில் 'ஆள் மாற்றம்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். படிக்க முடிகிற மாதிரிதான் அடித்தார். அதன் கீழே எழுதினார்: 'குளிர் போயிற்று. வளையம் என் சட்டைப் பையில் இருந்தது.' தன் முழுப் பெயரையும் போட்டார். அது இவருடைய பெயர் என்று பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. தாளை மறுபடி சட்டத்துக்குள் வைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது. காலையும் மாலையும் அவர் அதன் முன்னால்தான் அட்டை குத்துகிறார்.

கண்ணாடி என்ற பெயர் ஒரே நாளில் போய்விடவில்லை. வாய்ப்பழக்கம். யாராவது மறந்து அப்படிக் கூப்பிட்டால் அவர் இருக்கும் இடத்திலேயே கூனிக் குறுகிப் போவார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். சரியான பெயரைச் சொல்லும்வரை கூப்பிட்டவர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் மெஷினுக்குத் திரும்பினாள். ஒரு வெப்பமானி கேட்டிருந்தாள். மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் அது தொங்கியது. பூஜ்யத்தையும் நானே வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். மைக்ரான் அண்ணன் பெட்டியைத் திறந்துவிட்டு, வளையத்தைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கை வழக்கப்படி இடப்பக்கப் பையைத் தேடி வந்தது, பாதியிலேயே இறக்கிக்கொண்டார். அவள் கையுறை போட்டுக்கொண்டு வளையத்தை எடுத்தாள். முள் ஆடத் தொடங்கியதும், அவரை அறியாமல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க மூச்சு சூடா இருக்கு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நிதானம் எல்லோருக்கும் கடைசியாகச் சிரித்து, எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். மைக்ரான் அண்ணனுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஓரடி பின்னால் நகர்ந்தார். அது போதுமா என்று தெரியாமல், இன்னும் ஓரடி நகர்ந்து நின்றார்.